டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு லேப்டாப்: சபை வேலைக்கு எது சரி?

ஆற்றங்கரைச்_செயலர் எழுதியது:

அனைவருக்கும் தோத்திரம்.

எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) மூன்று டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூன்றையும் எடுத்துவிட்டு லேப்டாப் வாங்கலாம் என்று கமிட்டியில் தீர்மானம் ஆகியிருக்கிறது. ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். விசாரித்து வாங்கும் பொறுப்பு என்னுடையது. எனக்குக் கணக்கு தெரியும், கணினி அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஏன் லேப்டாப் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஏரல் பக்கம், தாமிரபரணிக் கரை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஆலய அலுவலகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு எல்லாவற்றையும் ராத்திரியே பீரோவின் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டோம். அவை தப்பின. மேசைக்கு அடியில் இருந்த சி.பி.யூ.வை யாருமே நினைக்கவில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் அது வண்டலில் பாதி புதைந்து கிடக்கிறது. பக்கவாட்டுத் துளைகள் வழியாகச் சேறு போய், உள்ளே இருந்த ஃபேன் இறக்கைகள் தெரியாதபடி அப்பியிருந்தது.

அதற்குள்தான் எங்கள் குடும்ப அட்டவணை. 612 குடும்பம். யாருக்கு எப்போது ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் என்று நானும் என் மகளும் நான்கு வருஷம் சாயங்காலங்களில் உட்கார்ந்து ஏற்றியது. வேறெங்கும் நகல் இல்லை. "லேப்டாப்பாக இருந்திருந்தால் பதிவேட்டோடு சேர்த்துத் தூக்கி வைத்திருப்போமே" என்று அன்றைக்கு ஒருவர் சொன்னார். அதுதான் இப்போது தீர்மானமாக வந்திருக்கிறது.

தேவை இதுதான். அலுவலகத்தில் டேலி கணக்கு, ரசீது, அறிவிப்புத் தாள், பேஜ்மேக்கரில் மாத இதழ். ஆலயத்தில் பாட்டும் வேதபாடமும் திரையில் போட வேண்டும், சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் யூடியூபில் நேரலை. மூன்றாவது குருமனையில், அதாவது போதகர் ஐயா வீட்டில், அவர் பிரசங்கம் தயாரிக்க. கிளைச் சபைகள் நான்கு இருக்கின்றன, அங்கேயும் கொண்டுபோக வேண்டும்.

ஒரு கடையில் மூன்றும் ஒரே மாடலாக, ஒன்று 48,000 என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ ப்ராசசர், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. வாங்கலாமா?

பாளை_சர்வீஸ் எழுதியது:

அண்ணாச்சி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. அந்த ஹார்ட் டிஸ்க் இன்னும் இருக்கிறதா? அதற்குக் கரண்ட் கொடுத்தீர்களா?

ஆற்றங்கரைச்_செயலர் எழுதியது:

கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மாட்டிப் பார்த்தோம் தம்பி. டக் டக் என்று ஒரு சத்தம். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

பாளை_சர்வீஸ் எழுதியது:

சரி. இனி வேறு யாருக்கும் ஆகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தண்ணீரில் மூழ்கிய ஹார்ட் டிஸ்க்கைக் காயவைக்கக் கூடாது, கரண்டும் கொடுக்கக் கூடாது. உள்ளே போன சேறு காய்ந்து தட்டில் ஒட்டிக்கொண்டால், சுழலும்போது படிக்கும் தலை அதில் உரசி எல்லாவற்றையும் சுரண்டிவிடும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, டேட்டா எடுத்துக்கொடுக்கும் இடத்துக்கு அனுப்புவதுதான் வழி. அந்த வாரம் என் கடைக்கு வந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் வெயிலில் காய்ந்துதான் வந்தன. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இனி கொட்டேஷனுக்கு வருகிறேன். இதை வாங்க வேண்டாம். 7520யூ என்ற எண்ணைப் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். 2022-இல் வந்ததுதான், ஆனால் உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நான்கு கோர். அதற்கு முந்தைய வரிசை எண் உள்ள 5625யூ ஜென் 3, ஆறு கோர், இதைவிட வேகம். ஏஎம்டியில் எண் பெரிதாக இருப்பதால் மட்டும் புதுசு என்று ஆகிவிடாது. இன்னொன்று, 7520யூ உள்ள லேப்டாப்பில் ராம் போர்டிலேயே ஒட்டி வருகிறது. 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

மூன்றும் ஒரே மாடல் என்பதும் தேவையில்லை. உங்களுடைய மூன்று வேலைக்கும் கனம் வேறு வேறு. டேலிக்கும் பிரசங்கத்துக்கும் பெரிய மெஷின் வேண்டாம். திரையும் நேரலையும் சேர்ந்து ஓடும் ஆலய மெஷினுக்குத்தான் பணத்தைப் போட வேண்டும். அதற்கு இன்டெல் ஐ5-1235யூ அல்லது அதற்கு மேல், 16 ஜிபி ராம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டிருக்கிறது, "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள், வாங்கும்போதே 16 இருக்கட்டும்.

மற்ற இரண்டுக்கும் கம்பெனிகளிலிருந்து லீஸ் முடிந்து வரும் பழைய லெனோவோ திங்க்பேட் லேப்டாப் போதும். என் ஆலோசனை டி480. ராம் போட இரண்டு இடம், ஹெச்டிஎம்ஐ, நெட்வொர்க் கேபிள் மாட்டும் துளை, இரண்டு பேட்டரி (ஒன்று உள்ளே, ஒன்று கழற்றி மாட்டுவது). கீபோர்டு திருத்தமாக இருக்கும், நாள் முழுக்கத் தட்டச்சு செய்தாலும் விரல் வலிக்காது. வாங்கும்போது மட்டும் கவனம். டி470-ம் டி480-ம் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி470-இல் இருப்பது அதற்கு முந்தையது. மாடல் பெயரை நம்பாமல் ப்ராசசர் எண்ணைப் பாருங்கள், ஐ5-8250யூ, ஐ5-8350யூ என்று 8-இல் தொடங்க வேண்டும். கடைக்காரர் முன்னாலேயே பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு கேட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்றும் பாருங்கள். ஜிஎஸ்டி பில்லும் எழுத்தில் வாரண்டியும் இல்லாமல் சபைக் காசைக் கொடுக்காதீர்கள்.

சென்னைக்_குயர் எழுதியது:

எல்லாவற்றுக்கும் மேக்புக் ஏர் வாங்கிவிடலாமே? பத்து மணி நேரம் சார்ஜ் நிற்கும், ஃபேனே கிடையாது, சத்தமும் இல்லை.

பாளை_சர்வீஸ் எழுதியது:

நல்ல மெஷின்தான் பிரதர். ஆனால் டேலி அதில் நேரடியாக ஓடாது, திரையில் பாட்டு போடும் ஈஸிவொர்ஷிப்பும் விண்டோஸில் மட்டும்தான். அண்ணாச்சிக்கு அந்த இரண்டு வேலையுமே நடக்க வேண்டும்.

மாடிக்_கேலரி எழுதியது:

நான் பதினோரு வருஷமாக எங்கள் ஆலயத்தில் மிக்ஸரும் திரையும் பார்க்கிறேன். ஆலய மெஷினைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

லேப்டாப்பால் பெரிய நிம்மதி ஒன்று உண்டு. ஆராதனை நடுவில் கரண்ட் போய், ஜெனரேட்டர் வருவதற்கு அரை நிமிஷம் ஆகும். டெஸ்க்டாப் இருந்த காலத்தில் யூ.பி.எஸ். பேட்டரி செத்திருந்தால் அவ்வளவுதான். மறுபடி விண்டோஸ் வந்து, பாட்டைத் தேடி எடுப்பதற்குள் சபை இரண்டு சரணத்தை மனப்பாடமாகப் பாடி முடித்திருக்கும். லேப்டாப் அப்படியே நிற்கிறது, புரொஜெக்டர் வந்தால் போதும்.

இப்போது தொந்தரவு. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து மிக்ஸருக்கு வயர் கொடுப்பீர்கள். சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வரும். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். எங்களுக்கு இது ஒரு பெரிய வெள்ளி மூன்று மணி நேர ஆராதனையில் வந்தது. ஏழு வார்த்தைகளுக்கு நடுவே மௌனமாக ஜெபிக்கும் நேரத்தில் அந்தச் சத்தம் மட்டும் ஆலயம் முழுக்கக் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காரணம், மிக்ஸருக்கு ஒரு எர்த், சார்ஜருக்கு வேறு பிளக்கில் வேறொரு எர்த். ஆடியோ வயர் இரண்டையும் சேர்த்து வைத்துவிடுகிறது. முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள். போகவில்லை என்றால் கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ வயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டி.ஐ. பாக்ஸ் ஒன்று ஆடியோ வயரின் நடுவில் போடுங்கள். சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அது ஆள் உயிர் சம்பந்தப்பட்டது.

புரொஜெக்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் ஹெச்டிஎம்ஐயை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். கேலரியிலிருந்து திரைக்கு 20 மீட்டர் என்றால் சாதாரண ஹெச்டிஎம்ஐ கேபிள் தாங்காது, படம் விட்டுவிட்டு வரும். ஃபைபர் உள்ள கேபிள் போடுங்கள்.

திரையை எப்போதும் "எக்ஸ்டென்ட்" முறையில், அதாவது லேப்டாப்பில் ஒன்றும் பெரிய திரையில் வேறொன்றும் தெரியும்படி, வையுங்கள். "டூப்ளிகேட்" வைத்தால், யாருடைய வாட்ஸ்அப் செய்தியாவது வலது மூலையில் எட்டிப் பார்க்கும், சபை முழுக்கப் படிக்கும். ஆலய லேப்டாப்பில் யாருடைய வாட்ஸ்அப்பும் இருக்கவே கூடாது என்பது எங்களிடம் சட்டம்.

கடைசியாக ஒன்று. வாரம் தவறாமல் நேரலை செய்பவர்கள் என்றால் நான் டெஸ்க்டாப்பையே வைத்திருக்கச் சொல்வேன். தகரக் கூரைக்குக் கீழே கேலரி, மே மாதம், இரண்டு மணி நேரம் நேரலை மென்பொருளான ஓபிஎஸ் ஓடினால் மெல்லிய லேப்டாப் சூடேறி வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் அசனத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்றதால்தான் லேப்டாப்பை ஒத்துக்கொள்கிறேன். அடியில் காற்று போக ஸ்டாண்டு வையுங்கள், நேரலையில் ஓபிஎஸ்ஸின் என்கோடரை (வீடியோவைச் சுருக்கும் பகுதி) இன்டெல் சிப்பிலேயே அதற்கென்று இருக்கும் குவிக் சிங்க்குக்கு மாற்றுங்கள். ப்ராசசருக்குச் சுமை குறையும்.

ஞாயிறுபள்ளி_டீச்சர் எழுதியது:

செயலர் ஐயா, பேஜ்மேக்கர் என்று சொன்னீர்களே, பாட்டுகள் எந்த ஃபாண்ட்டில் இருக்கின்றன?

ஆற்றங்கரைச்_செயலர் எழுதியது:

எல்லாம் பாமினிதான் அம்மா. பாமாலை, கீர்த்தனை, வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாட்டு எல்லாமே.

ஞாயிறுபள்ளி_டீச்சர் எழுதியது:

அப்படியானால் மெஷின் வாங்குவதற்கு முன்னாலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். புது லேப்டாப்பில் பாமினி ஃபாண்ட் இல்லாமல் ஃபைலைத் திறந்தால் தமிழே வராது, வரிக்கு வரி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். ஏனென்றால் பாமினியில் புள்ளி வைக்க அரைப்புள்ளிச் சாவியைத்தான் தட்டுகிறோம். ஒரு கிளைச் சபையில் வி.பி.எஸ். முதல் நாள், நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள், திரையில் இப்படி வந்தது. நான் கரும்பலகையில் எழுதிப் பாடவைத்தேன்.

ஃபாண்ட்டை நிறுவினால் தற்காலிகமாகச் சரியாகும். ஆனால் வேறு எங்கும் தேடினால் அந்தப் பாட்டு கிடைக்காது, போனில் அனுப்பினால் படிக்க முடியாது. எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் பாமினியை மாற்றித் தருகிறது. மாற்றிய பின் ஒவ்வொரு பாட்டையும் ஒருவர் கண்ணால் படிக்க வேண்டும், கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறியிருக்கும். எங்கள் வாலிபர் சங்கத்தில் ஆறு பேர் லெந்து காலம் (தவக்காலம்) முழுக்க உட்கார்ந்து 430 பாட்டு முடித்தார்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது, இதழை வேர்டுக்கோ லிப்ரே ஆஃபீஸுக்கோ மாற்றத்தான் வேண்டும்.

காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஓப்பன்எல்பி பாருங்கள், இலவசம். பாட்டு, வேத வசனம் இரண்டும் போடலாம். நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம்.

கடலோரம் எழுதியது:

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆலயத்துக்குப் புது லேப்டாப் வாங்கினோம். ஒரு தம்பி ஆர்வமாக வந்து விண்டோஸ் 11-ஐ அவன் மெயில் ஐடி போட்டே திறந்து கொடுத்தான். நல்ல பிள்ளை. ஆறு மாதத்தில் அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஒரு சனிக்கிழமை ராத்திரி ஏதோ அப்டேட் ஆகி, நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டு நின்றது. டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, அதன் சாவி அவன் கணக்கில் இருக்கிறது. அவன் போனோ அணைந்திருக்கிறது. மறுநாள் குருத்தோலை ஞாயிறு.

அதனால் சபை பெயரில் ஒரு மெயில் தொடங்குங்கள், அதை வைத்துத்தான் முதல்முதலில் திறக்க வேண்டும். அந்த 48 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதிப் பதிவேட்டுப் பீரோவில் வையுங்கள். பூட்டு வேண்டாம் என்று எடுத்துவிடாதீர்கள், லேப்டாப் தொலைந்தால் உங்கள் 600 குடும்பத்தின் விவரமும் தெருவுக்குப் போய்விடும்.

வேம்படிக்_குருமனை எழுதியது:

நான் ஊழியத்தில் இருபத்திரண்டு வருஷம், ஆறு சேகரம் மாறியிருக்கிறேன். மூன்றாவது லேப்டாப்பைப் பற்றி, அதாவது குருமனைக்கு வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும்.

டெஸ்க்டாப் இருந்த இடத்திலேயே இருக்கும். அது சபையுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. லேப்டாப் பையில் ஏறிவிடும். ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போகும்போது, கிளைச் சபைக்குப் போகும்போது, சொந்த ஊருக்குப் போகும்போது கூடவே வரும். இரண்டு வருஷத்தில் அது "ஐயா லேப்டாப்" என்று ஆகிவிடும். என் பிள்ளைகள் அதில் பாடம் படிப்பார்கள், என் குடும்பப் படங்கள் அதில் ஏறும். மாற்றல் உத்தரவு வரும் நாளில் எது என்னுடையது, எது சபையுடையது என்று பிரிக்க முடியாது. ஒரு சேகரத்திலிருந்து நான் கிளம்பும்போது இது பேச்சாகிவிட்டது. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் என் பதினான்கு வருஷப் பிரசங்கக் குறிப்பும் அதில் இருந்தது. அடுத்து வந்தவர் வசதிக்காக யாரோ அதை ஃபார்மட் செய்துவிட்டார்கள். அதைவிட வருத்தம், சில குடும்பங்கள் என்னிடம் கண்ணீரோடு சொன்ன காரியங்களை ஜெபிப்பதற்காக அதில் குறித்து வைத்திருந்தேன். அழிக்கப்படும் முன் அதை யார் கண் பார்த்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செயலர் அவர்களே, மூன்றாவதை வாங்குவதற்கு முன் உங்கள் ஐயாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர் சொந்தமாக ஒன்று வைத்திருந்தால் அதுவே அவருக்குப் போதும், சபைக்கு இரண்டு போதும். வாங்கத்தான் வேண்டுமென்றால் சொத்துப் பட்டியலில் சீரியல் எண்ணோடு எழுதுங்கள். அதில் இரண்டு யூசர் கணக்கு இருக்கட்டும், ஒன்று சேகரம், ஒன்று குரு. மாற்றல் வந்தால் அவருடைய கணக்கை அவரே நகல் எடுத்து, அவரே அழிக்கட்டும். ஆத்துமாக்களைப் பற்றிய குறிப்புகளை இப்போது நான் நோட்டில்தான் எழுதுகிறேன்.

அப்புறம், அலுவலக லேப்டாப் ராத்திரி எங்கே இருக்கும் என்பதையும் தீர்மானத்தில் எழுதுங்கள். "யார் வீட்டிலாவது" என்று விட்டால் ஒரு ஞாயிறு காலை அந்த வீட்டில் ஆள் இருக்காது.

பாளை_சர்வீஸ் எழுதியது:

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. என் கடையில் பாதிச் சண்டை இதுதான்.

விட்டுப்போன சில விஷயங்கள் மட்டும். அண்ணாச்சி, டேலி ஒற்றை யூசர் லைசென்ஸ் என்றால் பழைய டெஸ்க்டாப்பில் "சரண்டர்" கொடுத்து லைசென்ஸை விடுவித்த பிறகே அதைக் கழற்றுங்கள். இல்லையென்றால் புது மெஷினில் ஏற்றும்போது தகராறு.

அவசரமும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு அப்டேட் நின்றது உண்மைதான். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். பாட்டை மாற்ற அந்த அவகாசம் போதும். பழைய மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். ஆளுக்கொரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் ஞாயிறு பள்ளிக்கு ஓடும்.

அலுவலக லேப்டாப் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே இருந்தால் பேட்டரி உப்பிவிடக்கூடும். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி திங்க்பேட்டில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் நேராகவே சொல்கிறேன். லேப்டாப் வாங்கியதால் அட்டவணை தப்பிவிடாது. மேசை மேல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போன ராத்திரியில் தண்ணீர் வந்தால் அதுவும் சேற்றில்தான். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று, அலுவலகத்தில் இல்லாமல் வேறு கட்டடத்தில், மாடியில். கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம், உங்கள் அட்டவணை சில எம்பிதான் வரும். பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து அதையும் ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

ஆற்றங்கரைச்_செயலர் எழுதியது:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஐயாவிடம் பேசினேன். அவரிடம் சொந்தமாக ஒன்று இருக்கிறது, "எனக்கு வேண்டாம், பிரிண்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்றார். அதனால் இரண்டுதான் வாங்கினோம். ஆலயத்துக்கு ஐ5-1235யூ, 16 ஜிபி, புதுசு, 59,500. அலுவலகத்துக்கு டி480, ஐ5-8350யூ, 16 ஜிபி, ஆறு மாத வாரண்டியோடு 24,000. முதலில் பார்த்த கடையில் பயாஸ் பாஸ்வேர்டு கேட்டது, வைத்துவிட்டு வந்துவிட்டேன். டி.ஐ. பாக்ஸ், ஃபைபர் கேபிள், கன்வெர்ட்டர், ஐயாவுக்குப் பிரிண்டர், இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாம் சேர்த்தும் ஒதுக்கியதில் மிச்சம் இருக்கிறது. அதில் பழைய டெஸ்க்டாப்புகளுக்கு எஸ்எஸ்டி போட கமிட்டி ஒத்துக்கொண்டது.

சபை மெயில் தொடங்கியாகிவிட்டது. இரண்டு 48 இலக்கமும் பீரோவில். அலுவலக லேப்டாப் ராத்திரி அதே பீரோவின் மேல் தட்டில், பதிவேடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டப்படும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சாவி உபதேசியாரிடமும் என்னிடமும்.

டீச்சர் அம்மா, பாட்டு 170 முடிந்திருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியே கொம்பு இடம் மாறித்தான் வருகிறது.

மகள் மறுபடியும் அட்டவணையைத் தொடங்கியிருக்கிறாள். இப்போது அவளுக்கு வேலை, சனிக்கிழமை மட்டும்தான் நேரம். நான் பதிவேட்டை வாசிக்கிறேன், அவள் தட்டுகிறாள். நேற்றோடு 88 குடும்பம். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று குருமனை மாடியில் இருக்கிறது, ஒன்றாம் தேதிதோறும் நகல் எடுக்க ஐயாவே போன் பண்ணிக் கூப்பிடுகிறார்.